நாலாவது கட்டை

தடைக்காலத்தின் பதினோராம் நாள்.
விசைப்படகுகள் கரையேறி
அடிவயிறு காட்டிக் கிடந்தன.
சம்மாட்டிகள் கொண்டுவந்து போட்ட வயர்லெஸ் செட்டுகளை
மேசை ஓரம் ஒதுக்கிவிட்டு
ரெமிசியாவின் கீபோர்டைக்
கவிழ்த்துப் போட்டேன்.

ஜப்பானில் செய்தது, சிங்கப்பூரில் வாங்கியது,
கீழக்கரைச் சபுராளி ஒருவர் வீட்டுப் பரணில்
இருபது வருடம் தூங்கியது,
பிறகு தங்கச்சிமடம் கோயிலுக்கு வந்தது.

"நாலாவது கட்டை மட்டும்தான்," என்றாள்.
"மெதுவாத் தொட்டா ஊமை.
அழுத்தித் தொட்டா அலறுது.
நடுவுல ஒண்ணுமில்ல."
புருஷனைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.
நான் சிரிக்கவில்லை,
ஸ்குரூ எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று.
அதில் ஐந்து துருவேறித் தலை மழுங்கியவை.
மண்ணெண்ணெய் விட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

மூடியைத் தூக்கினால்
உருகி விழுந்த மெழுகு, ஒரு கொண்டை ஊசி,
மீசை கலையாமல் செத்த கரப்பான்,
மணல்.
மாடிக்கு, பூட்டிய பெட்டிக்கு,
மூடிய கண்ணுக்கும்கூட
இங்கே மணல் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
கச்சான் அடிக்கையில் உப்பும் அப்படித்தான்.
சர்க்யூட் பலகையை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கடல்.

கட்டைக்கு அடியில் ரப்பர்க் குமிழ்.
அதற்குள் இரண்டு கரும்பொட்டு,
மிளகில் பாதி அளவு.
ஒன்று முன்னால் தொடும்,
மற்றது கண்ணிமைக்குள் பின்னால்.
எவ்வளவு பலமாக அடித்தாய் என்று
மெஷினுக்குத் தெரியாது.
முதல் தொடுதலுக்கும் அடுத்ததற்கும்
நடுவே எவ்வளவு நேரம்,
அதைத்தான் எண்ணுகிறது.
நேரம் குறைந்தால் சத்தம்.
நீண்டால் மென்மை.
முதல் பொட்டில் உப்புப் பூத்துவிட்டால்
எண்ணத் தொடங்க இடமில்லை.
பிறகு கூப்பாடு, இல்லையென்றால் மௌனம்.

காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு
ஒற்றினேன். தேய்க்கக் கூடாது,
கரி போனால் போனதுதான்.
பஞ்சு சாம்பலானது. வேறு பஞ்சு.
தகட்டுக் கோடுகளில் பாசிநிறக் களிம்பு.
அதற்கு என் மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து
பென்சில் ரப்பர்.
மீட்டரில் முப்பதாயிரம் ஓம் காட்டிய இடம்
இருநூறுக்கு இறங்கியது.
கெட்டது ஒன்றென்றாலும்
அறுபத்தொன்றையும் கழற்றி, எண் எழுதி,
துடைத்து, மாட்டி,
நாற்பத்திரண்டு ஸ்குரூவால் மூடினேன்.
மிஞ்சியது எங்கே போகும் என்று
இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் வந்தாள்.
நாலாவது கட்டையைத் தொட்டாள்.
தூங்கும் பிள்ளையின் பக்கத்தில்
சொம்பை வைக்கும் அளவுக்குத்தான் சத்தம்.
சரி என்று தலையாட்டிவிட்டு
ஒரு பாட்டு வாசித்தாள்.
கை அந்தக் கட்டையைச் சுற்றிப் போனது,
தெருவில் புதைகுழியைச் சுற்றி
சைக்கிள் போவதுபோல.

"ஆறு வருசமா அஞ்சு கட்டையிலதான் பாடுறோம்," என்றாள்.
"அஞ்சுல பாடுனா இது தேவையே இல்ல."

அப்போதுதான் புரிந்தது.
ஞாயிறுதோறும் கடைசி வரிசை ஆண்களுக்கு
உச்சியில் தொண்டை கிழிவதை
இத்தனை நாளும்
பக்தி என்று நினைத்திருந்தேன்.

கூலிக்கு முந்நூறு ரூபாயும்
நாட்டுப்படகுக் கணவாய் அரைக்கிலோவும்.

ஞாயிற்றுக்கிழமை
நாலு கட்டையிலேயே தொடங்கினாள்.
முதல் வரி இறங்கி நின்றது, எல்லாருக்கும் எட்டியது.
இரண்டாவது வரியில் யாரோ இருமினார்கள்.
மூன்றாவதில் கடைசி வரிசை
யாரும் சொல்லாமல்
பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது,
அலைமேல் வள்ளம் ஏறுவதுபோல, மொத்தமாக.
ரெமிசியா கையெடுத்தாள்.
சாமியார் திரும்பிப் பார்ப்பதற்குள்
ஐந்துக்குப் போய் அவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இடையிசை. யாரும் பாடாத இடம்.
அங்கே அந்த நாலாவது கட்டையை
ஒரே ஒருமுறை தொட்டாள்.
பாட்டுக்கு அது பொருந்தவில்லை.
மெதுவாகத்தான் கேட்டது.